பழுது செவியிலா, பிரடையிலா?
சிறு கிற்றாரின் தேய்ந்த திருகுகளை மாற்றுதல் பற்றி

பிள்ளைக்கு இசை பயிற்ற விரும்பும் பெற்றோர் பலர் இக்காலத்தில் முதற்கண் நாடுவது கிற்றாரையேயாம். அதிலும், சிறுவரின் கைக்கு அடங்கும் சிறு கிற்றாரே விரும்பப்படுகின்றது. சிலர் புதிதாக வாங்குகின்றனர். சிலர் வீட்டின் மூலையிலே நெடுங்காலம் கிடந்த பழைய கருவியைத் தூசி தட்டி எடுத்துக் கொடுக்கின்றனர். சில மாதங்கள் கழிந்தபின், பிள்ளை மீட்டும் ஓசை செவிக்கு இனிதாக அமையவில்லை என்பது வீட்டாருக்குப் புலப்படுகின்றது. உடனே, “பிள்ளைக்குச் சுருதி ஞானம் இல்லை” என்ற தீர்ப்பு வழங்கப்படுகின்றது. பிள்ளையும் அதனை நம்பிக் கருவியை மீண்டும் அதே மூலையில் வைத்துவிடுகின்றது.

இத்தீர்ப்பு சில வேளை சரியாயிருக்கலாம். ஆயின், பல வேளைகளிலே குற்றம் பிள்ளையின் செவியில் இல்லை. கருவியின் தலையிலே உள்ள சிறு பித்தளைச் சக்கரங்களில் இருக்கின்றது. அச்சக்கரங்கள் தேய்ந்த கிற்றாரில் எத்துணைத் திறமையுடைய வித்துவானாலும் சுருதியை நிறுத்தி வைத்தல் இயலாது. ஆகவே, பிள்ளையைப் பற்றி முடிவு கூறுமுன் கருவியைப் பார்த்தல் கடனாகும். பார்ப்பது எவ்வாறு, பழுது காணின் மாற்றுவது எவ்வாறு என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

பிரடையும் திருகும்

தந்தியை இறுக்கியும் தளர்த்தியும் சுருதி சேர்க்கும் உறுப்பை வீணையிலே பிரடை என்கின்றோம். அது கூம்பிச் செல்லும் ஒரு மர முளை. முளையும் அதற்குரிய துளையும் ஒரே சாய்வில் கூம்புமாறு செய்யப்பட்டிருத்தலால், முளையைச் சற்று உள்ளே அழுத்தித் திருகும்போது அது உராய்வினாலே பற்றி நிற்கின்றது. வயலினின் பிரடையும் இத்தகையதே. 30 மில்லிமீற்றர் நீளத்துக்கு 1 மில்லிமீற்றர் விட்டம் குறைவதே வயலின் பிரடைக்கு வழக்கமான கூம்பல்.

மரப் பிரடை எளிமையானது, இலேசானது, கெட்டாலும் தச்சர் ஒருவர் கடைந்து கொடுப்பார். ஆயின் அதற்கு ஒரு குறையுண்டு. நாம் அதனை ஒரு சுற்றுத் திருப்பினால் தந்தியும் முழுதாக ஒரு சுற்று உள்வாங்கப்படும். நரம்பு, நைலோன் போன்ற மிக நீளும் தன்மையுள்ள தந்திகளுக்கு இது பொருந்தும். எஃகுத் தந்தியோ சிறிது இழுத்தாலே பெரிதும் சுருதி மாறும் இயல்புடையது. இதனாலன்றோ வயலினின் எஃகுத் தந்திக்கு அடிப்புறத்தில் ஒரு நுண்திருகு தனியே பொருத்துகின்றனர்! வீணையிலும் நாகபாசத்தருகே உள்ள சிறு வளையங்களை நகர்த்தியே நுண்சுருதி சேர்க்கின்றனர்.

கிற்றாரில் இவ்வேலையை ஒரே பொறி முடித்துவிடுகின்றது. கையால் திருப்பும் பிடியின் தண்டிலே புரியிட்ட ஒரு திருகு உள்ளது. அதனைப் புழுத்திருகு என்பர். அத்திருகு ஒரு பற்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. சக்கரத்தோடு இணைந்த தண்டிலே தந்தி சுற்றப்படுகின்றது. கடைக்காரர் இதனைக் ‘கீ’ என்று சுருங்கச் சொல்வர். நாம் திருகுப்பிரடை என்போம்.

இப்பொறியின் சிறப்பு இரண்டு. ஒன்று, கையின் பெரிய அசைவைத் தந்தியின் சிறிய அசைவாக மாற்றுதல். மற்றது, திருகு சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரமோ திருகைச் சுழற்ற மாட்டாது. ஆகவே தந்தி எவ்வளவு இழுத்தாலும் பிடி தானாகத் திரும்பாது. ஆறு எஃகுத் தந்திகள் பூட்டிய ஒரு முழு அளவுக் கிற்றாரில் மொத்த இழுவை ஏறக்குறைய 70 கிலோகிராம் எடைக்குச் சமம். வளர்ந்த மனிதர் ஒருவரின் எடையை இச்சிறு சக்கரங்கள் ஆறும் இரவு பகலாகத் தாங்கி நிற்கின்றன என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

கிற்றாரும் முற்காலத்தில் மரப் பிரடைகளையே கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டிலே உலோகத் திருகுகள் பரவலாயின. வியன்னா நகரத்துக் கிற்றார் வினைஞரான ஸ்ரவுபர் என்பார் ஆறு பிடிகளையும் தலையின் ஒரே பக்கத்தில் வரிசையாக அமைத்தார். ஜேர்மனியிலே மார்க்நொய்கேர்சென் என்னும் ஊரிற் பிறந்த சி. எவ். மார்ட்டின், 1833இல் அமெரிக்கா சென்று நியூயோர்க்கிலே தொழில் தொடங்கியபோது, அவ்வகைத் தலையையே தம் கிற்றார்கள் பலவற்றில் அமைத்தார். 1839இல் அவர் பென்சில்வேனியாவிலுள்ள நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் அவ்வூரிலேயே நிலைபெற்றது. போர்த்துக்கல்லின் பாடோப் பாட்டுக்குரிய கிற்றாரிலோ, விசிறிபோல் விரிந்த வேறொரு வகைத் திருகமைப்பை இன்றும் காணலாம். சுருதியை நிறுத்துதற்கு மனிதர் செய்த முயற்சிகள் இவ்வாறு பலவாயின.

சிறு கருவிக்கு ஏன் பெருந் தொல்லை?

சிறு கிற்றார் விளையாட்டுப் பொருள் போன்றது. அதற்கு எந்தத் திருகும் போதும் என்று எண்ணுவோர் உளர். உண்மை இதற்கு நேர்மாறானது. பௌதிகம் கற்கும் மாணவர் சுரமானிப் பாடத்தை நினைவிற் கொண்டு பின்வரும் கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

தந்தியின் மீடிறன் அதன் இழுவையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதமானது. பன்னிரண்டு சுரத்தானங்களிலே ஒன்றிலிருந்து அடுத்ததற்கு ஏற, மீடிறன் ஏறக்குறைய நூற்றுக்கு 6 கூடவேண்டும். அதற்கு இழுவை நூற்றுக்கு 12 வரையிற் கூடவேண்டும். 0.25 மில்லிமீற்றர் தடிப்புள்ள எஃகுத் தந்தி ஒன்றைக் கிற்றாரின் மிக மெல்லிய தந்தியாகப் பூட்டி, அதற்குரிய 330 மீடிறனுக்குச் சேர்த்துள்ளோம் எனக் கொள்வோம். மேருவுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட நீளம் 645 மில்லிமீற்றராயின், ஒரு சுரத்தானம் ஏற்றுதற்கு அத்தந்தி ஏறக்குறைய 0.55 மில்லிமீற்றர் நீளவேண்டும்.

இனி, சிறு கிற்றாரை நோக்குவோம். மார்ட்டின் நிறுவனம் 5ஆம் அளவு என்று வழங்கும் சிறு கிற்றாரிலே அந்நீளம் 544 மில்லிமீற்றர். அதே தந்தியை அதே சுருதிக்குச் சேர்த்தால், நீளம் குறைந்தமையால் வேண்டிய இழுவையும் குறைகின்றது. நீளமும் குறைந்து இழுவையும் குறைந்த இடத்திலே, ஒரு சுரத்தானம் ஏற்ற 0.33 மில்லிமீற்றர் நீட்சியே போதும். நீளத்தின் கனத்துக்கு நேர்விகிதமாக இவ்வளவு குறைகின்றது என்பதைக் கணிதம் வல்லார் எளிதிற் காண்பர்.

இதனைத் திருகோடு பொருத்திப் பார்ப்போம். தந்தி சுற்றும் தண்டின் விட்டம் 6.35 மில்லிமீற்றர், அதன் சுற்றளவு ஏறக்குறைய 20 மில்லிமீற்றர். சக்கரத்துக்கு 14 பற்கள் இருப்பின், பிடியை 14 முறை திருப்பினாற்றான் தண்டு ஒருமுறை சுழலும். ஆகவே பிடியின் ஒரு சுற்றுக்குத் தந்தி 1.4 மில்லிமீற்றர் உள்வாங்கப்படும். பற்கள் தேய்ந்து, பிடி கால் சுற்று வெறுமனே ஆடுமாயின், அது 0.35 மில்லிமீற்றர் தந்திக்குச் சமம். முழு அளவுக் கிற்றாரில் அது ஒரு சுரத்தானத்தின் மூன்றில் இரண்டு பங்களவான பிழை. சிறு கிற்றாரிலோ ஒரு சுரத்தானம் முழுவதும் தவறிவிடும்!

எனவே, தேய்ந்த திருகின் தீமை சிறு கருவியிலேதான் பெரிதாகத் தோன்றுகின்றது. அச்சிறு கருவியைத்தான் நாம் இன்னும் செவி பழகாத பிள்ளையிடம் கொடுக்கின்றோம்.

தேய்வது எவ்வாறு?

திருகு பெரும்பாலும் எஃகினாலும் சக்கரம் பித்தளையினாலும் ஆனவை. ஆகவே தேய்வது சக்கரமே. அதிலும் எல்லாப் பற்களும் ஒருங்கே தேய்வதில்லை. தந்தியைப் பூட்டிச் சுருதிக்கு ஏற்றியபின், நாளாந்தம் நாம் திருப்புவது மிகச் சிறிதளவே. ஆதலால் 14 பற்களுள் இரண்டு மூன்று பற்களே ஆண்டுக்கணக்காகத் திருகோடு உராய்கின்றன. எண்ணெய் வற்றிப் புழுதியும் சேர்ந்துவிட்டால், அப்புழுதி அரம்போலப் பித்தளையை அராவுகின்றது. கடற்கரையோர ஊர்களில் உப்புக்காற்று எஃகுத் திருகிலே துருவேற்றி இவ்வழிவை விரைவுபடுத்துகின்றது. பழைய கருவிகளில் பிளாத்திக்குப் பிடிகள் காலப்போக்கிற் சுருங்கி, வெடித்து, பொடியாய் உதிர்வதும் உண்டு.

இருப்பினும், சுருதி நில்லாத கிற்றாரெல்லாம் திருகு தேய்ந்த கிற்றார் என்று முடிவு கட்டலாகாது. நோயறியாது மருந்து கொடுத்தல் இங்கும் தவறே. ஐயுறத்தக்கவை வேறும் உள.

முதலாவது, புதுத்தந்தி. புதிதாகப் பூட்டிய தந்தி, சிறப்பாக நைலோன் தந்தி, சில நாள் வரை நீண்டுகொண்டே இருக்கும். அது பழுதன்று.

இரண்டாவது, மேருவின் பள்ளம். தந்தி தலைக்குள் நுழையுமிடத்திலுள்ள எலும்புப் பட்டியின் பள்ளம் மிக ஒடுக்கமாயின், தந்தி அதிற் சிக்கிக்கொள்ளும். பிடியைத் திருப்பும்போது முதலில் ஒன்றும் நிகழாது. பின்னர் ‘டிக்’ என்ற ஓசையோடு சுருதி துள்ளும். பள்ளத்திலே பென்சிற் கரியைச் சிறிது தேய்த்தால் இக்குறை பெரும்பாலும் தீரும்.

மூன்றாவது, சக்கரத்தின் நடுவிலுள்ள சிறு திருகாணி. அது தளர்ந்திருப்பின் சக்கரம் தண்டின்மேல் ஆடும். ஏற்ற திருப்புளியால் மெல்ல இறுக்கினால் அதுவே போதும். செலவு ஒரு சதமும் இல்லை.

இவை மூன்றும் இல்லையென்று கண்டபின்னரே சக்கரத்தின் பற்களை நோக்கவேண்டும். தந்தியைத் தளர்த்தி, பிடியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க. தண்டு அசையாமல் பிடி மட்டும் எவ்வளவு தூரம் ஆடுகின்றது? எட்டிலொரு பங்கு சுற்றுக்குக் குறைவாயின் அஞ்சவேண்டியதில்லை. கால் சுற்று, அதற்கு மேல் என்றால், பற்களின் நுனி கூர்மையாகி, பித்தளைப் பொடி மினுங்குவதைப் பூதக்கண்ணாடியிற் காணலாம்.

அப்போதும் ஓர் எளிய வழி எஞ்சியுள்ளது. சக்கரம் திருகாணியால் மாட்டப்பட்டு, தண்டின் நுனி சதுரமாகவோ இருபுறமும் தட்டையாகவோ இருப்பின், சக்கரத்தைக் கழற்றி அரைச் சுற்றுத் திருப்பி மாட்டலாம். தேயாத பற்கள் திருகுக்கு நேரே வந்துவிடும். சில ஆண்டுகள் அதனாற் கழியும். சக்கரம் அறையப்பட்டு நிலையாகப் பொருத்தப்பட்டதாயின் இம்முறை செல்லாது, மாற்றுதலே வழி.

ஒரு மாணவனின் கிற்றார்

நம் வகுப்பிலே ஒரு மாணவன், கல்லூரி விழாவிற் கிற்றார் வாசிப்பதற்குப் பெயர் கொடுத்திருந்தான். திடீரென வந்து தன் பெயரை நீக்கும்படி கேட்டான். காரணம் வினவினோம்.

“மாஸ்ரர், எனக்குக் காது இல்லையாம். ஒத்திகையிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டினம்.”

“தம்பி, அந்தக் கிற்றாரை நாளைக்கு ஒருக்கால் கொண்டுவாரும், பாப்பம்.”

“அது அம்மப்பாவின்ரை பழைய கிற்றார் மாஸ்ரர். கடையிலை காட்டினது. எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கச் சொல்லுகினம்.”

மறுநாள் கருவி வந்தது. சிறிய உடல், கறுத்த மரம், உட்புறத்திலே செய்தவர் பெயர் தாங்கிய தாள் பூச்சியரித்துப் போயிருந்தது. முகப்பலகை வெடிக்கவில்லை, கழுத்து வளையவில்லை, குதிரை பெயரவில்லை. தட்டிப் பார்த்தபோது நன்கு உலர்ந்த பழமரத்துக்கே உரிய தெளிந்த ஓசை எழுந்தது. தலையின் இருபுறமும் ஒரு தகட்டுக்கு மூன்றாகத் திருகுகள் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றுள் இரண்டில் நடுத்திருகாணி தளர்ந்திருந்தது. ஒன்றில் பிடி பொடிந்து, மாணவன் குறட்டினாற் பற்றித் திருப்பி வந்திருக்கின்றான். மூன்றாந் தந்திக்குரிய சக்கரத்தில் பிடி கால் சுற்றுக்கு மேல் ஆடிற்று.

நாம் அவனை ஒரு சோதனைக்கு உட்படுத்தினோம். இன்னொரு கிற்றாரைக் கொடுத்து, கைத்தொலைபேசியிலுள்ள சுருதி காட்டும் செயலியைப் பாராமல், செவியாலேயே ஒரு தந்தியை மற்றொன்றோடு சேர்க்கச் சொன்னோம். சேர்த்தான். பின்னர் செயலியை வைத்துப் பார்த்தோம். ஆறு தந்திகளுள் ஐந்து சரியாக இருந்தன; ஒன்று மயிரிழை தாழ்ந்திருந்தது. குற்றம் எங்கே என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

அளவே முதல் வேலை

புதுத்திருகு வாங்குமுன் செய்யவேண்டியது அளத்தல். பாடசாலை ஆய்வுகூடத்திலுள்ள வேணியர் இடுக்கிமானி இதற்குப் போதும். அளக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, ஒரு தண்டின் நடுவிலிருந்து அடுத்த தண்டின் நடுவரையுள்ள தூரம். மூன்று திருகுகள் ஒரே தகட்டில் உள்ள வகைக்கு இதுவே உயிர்நிலை. வழக்கிலுள்ள இரு அளவுகள் 35 மில்லிமீற்றரும் 35.7 மில்லிமீற்றரும் ஆகும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தோன்றாது. ஆனால் ஒன்றுக்குரிய துளைகளில் மற்றதைப் பொருத்தி, நடுத்தண்டை நேராக்கினால், ஓரத்துத் தண்டுகள் இரண்டும் துளையின் பக்கத்தில் உராய்ந்து இறுகிப்போகும். புதுத்திருகு பழையதினும் கடினமாகத் திரும்புகின்றதே என்று பலர் வியப்பதன் காரணம் இதுவே.

இரண்டு, தண்டின் விட்டமும் துளையின் விட்டமும். பழைய வகைத் தண்டு 6 அல்லது 6.35 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதனைச் சூழ்ந்து மரத்தில் அழுத்திய பூணுக்கு ஏறக்குறைய 8.7 மில்லிமீற்றர் துளை வேண்டும். இக்காலத்து மூடிய பெட்டித் திருகுகளுக்கோ பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் துளை வேண்டும்.

மூன்று, தலைப்பலகையின் தடிப்பு. தண்டு குட்டையாயின் தந்தி துளை மரத்தின்மேல் போதிய அளவு தோன்றாது.

நான்கு, தகட்டின் திருகாணித் துளைகள் உள்ள இடம். பழைய துளைகளோடு பொருந்தும் தகடு கிடைப்பின் மரத்திற் புதுக்காயம் செய்யவேண்டியதில்லை.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. 1920களுக்கு முற்பட்ட கருவிகள் பலவற்றில் திருகும் சக்கரமும் இன்றைய வழக்கிற்கு மேல்கீழாக அமைந்திருக்கும். அத்தகையவற்றுக்கென அப்பழைய அமைப்பிலேயே செய்த திருகுகளும் விற்பனையில் உள. தலையின் நடுவிலே நீண்ட வாய்கள் வெட்டப்பட்டு, தந்தி உருளையிற் சுற்றும் வகையோ வேறு; அதற்கும் மேற்கூறிய தகட்டுத் திருகுக்கும் பொருத்தமில்லை.

இனி, கருவி பழுதுபார்ப்போர் சிலர் சொல்லும் எளிய வழியொன்றைப் பற்றிக் கூறவேண்டும். “துளையைப் பெருப்பித்தால் எந்தத் திருகும் போகும்” என்பர். மாணவனின் தந்தையாரும் இதனையே கேட்டு வந்திருந்தார். துறப்பணம் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடியும் வேலைதான். ஆனால் சிறு கிற்றாரின் தலை ஒடுக்கமானது. ஆறு துளைகளையும் 10 மில்லிமீற்றருக்கு விரிக்கும்போது ஓரத்தில் எஞ்சும் மரம் மெலிகின்றது; நார் வழியே வெடிக்கவும் கூடும். கனத்த பெட்டித் திருகுகளைச் சுமந்த சிறு கருவி, மடியில் வைத்ததும் தலைகீழாய்ச் சரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அகற்றிய மரத்தைத் திரும்ப வைத்தல் இயலாது. திருகு சில பத்தாண்டுகளில் தேய்ந்து மாறும் பொருள். தலைப்பலகையோ கருவி உள்ளவரை இருப்பது. நிலையான பொருளை வெட்டி நிலையாப் பொருளுக்குப் பொருத்துதல் முறையன்று. மரத்துக்கேற்ற திருகைத் தேடுக. திருகுக்காக மரத்தைச் செதுக்கற்க.

மாணவனின் கிற்றாரை அளந்தபோது இடைத்தூரம் 35 மில்லிமீற்றராக இருந்தது. முதலிற் கிடைத்த திருகுகளோ 35.7 அளவின. அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏற்றவை வரும்வரை மூன்று வாரம் காத்திருந்தோம். அதன் விலை புதிய கிற்றார் ஒன்றின் விலையிற் சிறு பங்கே. தகட்டு வகை கிடையாதவிடத்து, தனித்தனித் திருகுகள் ஆறு வாங்குதலும் ஒரு வழியாகும். அவற்றுக்கு இடைத்தூரம் ஒரு தடையன்று.

மாற்றும் முறை

தந்திகளை ஒரேயடியாக வெட்டிவிடாது, எல்லாவற்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கழற்றுக. கழுத்து பல ஆண்டுகள் தாங்கிய சுமையை ஒரு நொடியில் இழத்தல் நன்றன்று. மேசைமேல் மெத்தென்ற துணி விரித்து, கழுத்தின்கீழ் ஒரு சிறு தலையணை வைத்துக்கொள்க.

பழைய திருகாணிகளைக் கழற்றும்போது, தலைப்பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே எடுக்க. அசையாத ஆணியின் தலையிற் சூடான பற்றாசுக்கோலைச் சில நொடி வைத்தெடுத்தால் அது பெரும்பாலும் இளகிவிடும். ஒவ்வோர் ஆணியையும் அது இருந்த இடத்தைக் குறித்து வைக்க.

முன்புறத்துப் பூண்கள் உறுதியாகவும் புதுத்தண்டுக்குப் பொருத்தமாகவும் இருப்பின் அவற்றைத் தொடவேண்டாம். மாற்றவேண்டுமாயின், பின்புறத்தேயிருந்து பொருந்தும் மரக்கோலொன்றாற் சிறிது சிறிதாகத் தள்ளி எடுக்க. புதுப்பூணைச் சுத்தியலால் அடித்து இறக்கலாகாது. இருபுறமும் மரத்துண்டு வைத்து, இடுக்கியால் மெல்ல அழுத்தி இறக்குக. சுத்தியலின் ஓரடி தலையைப் பிளக்கப் போதும்.

தகட்டை வைத்து, ஆணி இறுக்குமுன், மூன்று பிடிகளையும் திருப்பிப் பார்க்க. மூன்றும் தடையின்றிச் சுழலவேண்டும். பழைய ஆணித்துளை அகன்றிருப்பின், பல் குத்தும் மரக்குச்சியைத் தச்சர் வச்சிரத்தில் தோய்த்துச் செருகி, காய்ந்தபின் மட்டமாக அரிந்துவிடுக. புதுத்துளை வேண்டுமாயின், ஆணியினும் மெல்லிய ஊசித்துளை முதலில் இட்டுக்கொள்க. ஆணியின் புரியிலே சிறிது மெழுகு தடவினால் அது இலகுவில் இறங்கும். பித்தளை ஆணி மென்மையானது; வலிந்து முறுக்கினால் தலை முறிந்து உடல் மரத்துள் தங்கிவிடும்.

பின்னர் தந்தி பூட்டுக. நைலோன் தந்திக்கென அமைந்த சிறு கிற்றாருக்கு எஃகுத் தந்தி பூட்டலாகாது. நைலோன் தந்திகள் ஆறின் இழுவை முழு அளவுக் கருவியிலும் ஏறக்குறைய 40 கிலோகிராமே. எஃகின் சுமையை அதன் முகப்பலகை தாங்காது. தண்டிலே இரண்டு மூன்று சுற்றுக்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், கீழ்நோக்கி அமையவேண்டும். பற்களுக்கு ஒரு துளி எண்ணெய் போதும்; மரத்திற் படுமாறு ஊற்றலாகாது.

சுருதி சேர்க்கும்போது எப்பொழுதும் தாழ்விலிருந்து மேல்நோக்கியே சேர்க்கப் பிள்ளைகளைப் பழக்குக. சுருதி மிஞ்சிவிட்டால், வேண்டியதினும் கீழே இறக்கி மீண்டும் ஏற்றுக. ஏற்றும்போது பல்லும் புரியும் ஒன்றையொன்று இறுகப் பற்றி நிற்கும். இறக்கி அப்படியே விட்டால், அவற்றுக்கிடையிலுள்ள சிறு வெளி பின்னர் சுருதியை வீழ்த்தும். புத்தம் புதிய திருகுக்கும் இவ்விதி பொருந்தும்.

கழற்றிய பழைய திருகுகளை எறிந்துவிடாது, ஓர் உறையில் இட்டு, கருவியின் பெட்டியிலேயே வைக்க. பிற்காலத்தில் அதனைப் பழுதுபார்க்கும் ஒருவருக்கு அவை கருவியின் வரலாற்றைக் கூறும்.

திருகு மாறியபின்

மாணவனின் கிற்றாரை அவனே திருகு மாற்றினான், நாம் அருகிலிருந்தோம். ஒரு மாலைப்பொழுதில் வேலை முடிந்தது. மறுநாட் காலையிலும் சுருதி பெரிதும் மாறாது நின்றது. கருவியைப் பொறுத்தவரை காரியம் அவ்வளவே.

ஆனால் “காது இல்லை” என்ற சொல் அவ்வளவு விரைவில் நீங்கவில்லை. அடுத்த சில வாரங்கள், சரியாகச் சேர்த்த தந்தியையும் அவன் ஐயுற்று, செயலியைப் பார்த்துப் பார்த்தே வாசித்தான். தேய்ந்த சக்கரத்தை மாற்றக் கடையிற் பொருள் உண்டு. பலர் முன்னிலையில் ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கையைத் தேய்த்துவிட்டால், அதனை மாற்ற எக்கடையிலும் பொருள் இல்லை. அவ்விழாவில் அவன் வாசிக்கவில்லை; அதற்கடுத்த ஆண்டே மேடையேறினான். ஓராண்டு இழந்தான் என்பதே கணக்கு.

பெற்றோரும் ஆசிரியரும் சிந்திக்கத்தக்கது இது. பிள்ளையின் எழுத்துக் கோணினால் பேனா முனையைப் பார்க்கின்றோமா? வாசிப்புத் தடுமாறினால் கண்ணைச் சோதிக்கின்றோமா? சுருதி தவறினால் திருகைப் பார்க்கின்றோமா? பார்ப்பதற்குப் பிடிக்கும் நேரம் சில நிமிடமே. பாராமற் கூறும் தீர்ப்போ நெடுங்காலம் நிற்கும். ஆதலால், வீட்டிலே சிறு கிற்றார் இருப்பின், இவ்வார விடுமுறையில் அதன் தலையைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். பிடிகளை ஒவ்வொன்றாக அசையுங்கள். பழுது எங்கே என்பது தெரிந்தபின், பிள்ளையைப் பற்றிப் பேசலாம்.